கணக்கேட்டில் ஒரு பயணம்: ஓவியர் டியூரரும் நெதர்லாந்தும், 1520–21

1519 ஜனவரி 12 அன்று புனித ரோமப் பேரரசர் மாக்சிமிலியன் இறந்தார். அந்தச் சாவோடு நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரருக்கு ஆண்டுக்கு 100 குல்டன் (தங்க நாணயம்) வருமானம் நின்றுபோனது. 1515இல் பேரரசர் எழுதிக்கொடுத்த மானியம் அது. நியூரம்பெர்க் நகரம் பேரரசருக்கு ஆண்டுதோறும் கட்டும் வரியிலிருந்து 100 குல்டனைப் பிடித்து ஓவியரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுக்கச் சொன்னவரே போய்விட்ட பிறகு யார் உத்தரவின்பேரில் கொடுப்பது என்று நகரமன்றம் கையை மடக்கிக்கொண்டது. சட்டப்படி மன்றம் செய்தது சரிதான். புதிய பேரரசர் ஐந்தாம் கார்ல் முத்திரையிட்ட கடிதம் ஒன்று வந்தால்தான் பணம் அசையும். அவரோ முடிசூட நெதர்லாந்து (இன்றைய பெல்ஜியமும் அப்போது அதில் அடக்கம்) வழியாக ஆகன் நகருக்கு வரவிருந்தார்.

1520 ஜூலை 12, வியாழக்கிழமை, டியூரர் புறப்பட்டார். வயது 49. கூட மனைவி ஆக்னஸ், பணிப்பெண் சுசன்னா. சொந்தச் செலவில் போகிறேன் என்று முதல் வரியிலேயே எழுதி ஒரு கணக்கேட்டைத் தொடங்கினார். ஓராண்டுக்கு அதை விடாமல் எழுதினார். மூல ஏடு தொலைந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் எடுத்த படிகள் மிஞ்சியிருக்கின்றன. ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வெளியூரில் எப்படிச் சாப்பிட்டார், யாரிடம் என்ன விற்றார், எதற்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை இத்தனை நுணுக்கமாகச் சொல்லும் ஆவணம் அந்தக் காலத்தில் வேறில்லை என்றே சொல்லலாம்.

ஏட்டின் கடைசிப் பக்கங்களில் டியூரர் ஐந்தொகை போடுகிறார்: நெதர்லாந்தில் செய்த வேலை, செலவு, விற்பனை, பெரியவர் சிறியவரோடு வைத்துக்கொண்ட கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் எனக்கு நட்டம்தான், அதிலும் மார்கரெட் சீமாட்டிக்கு (நெதர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பாளர்) கொடுத்ததற்கும் செய்ததற்கும் ஒன்றுமே வரவில்லை. இந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. ஏட்டை வரிவரியாகப் படித்தால் விடை தெளிவாகவே இருக்கிறது. விலை சொல்லிக் கொடுத்ததற்குப் பெரும்பாலும் பணம் வந்தது. விலை சொல்லாமல் கொடுத்ததில்தான் கையைக் கடித்தது.

பெட்டியில் இருந்த நாணயம்

பாம்பெர்க் நகரத்தில் நடந்ததை முதலில் பார்க்கலாம். அங்கே ஆயரைச் சந்தித்த டியூரர் ஒரு மரியாள் ஓவியம், 'மரியாளின் வாழ்க்கை' மரச்செதுக்குத் தொகுப்பு, 'வெளிப்பாடு' தொகுப்பு, ஒரு குல்டன் பெறுமான செப்புத்தகட்டு அச்சுப்படங்கள் ஆகியவற்றைக் கொடுத்தார். ஆயர் விருந்துக்கு அழைத்தார், சத்திரத்தில் ஆகியிருந்த சுமார் ஒரு குல்டன் பாக்கியைக் கட்டினார், ஒரு சுங்கச்சீட்டும் மூன்று அறிமுகக் கடிதங்களும் எழுதிக்கொடுத்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஓர் ஓவியத்தையும் சில படங்களையும் கொடுத்து ஒருவேளைச் சாப்பாடு வாங்கியதுபோல் இருக்கும். ஆனால் லாபம் சுங்கச்சீட்டில் இருந்தது. மைன் ஆற்றிலும் ரைன் ஆற்றிலும் சில மைலுக்கு ஒரு சாவடி. ஒவ்வொரு குறுநில மன்னரும் ஒவ்வொரு ஆயரும் தனித்தனியாக வசூலித்த காலம். பாம்பெர்க்கிலிருந்து பிராங்க்ஃபர்ட் வரை படகுக்காரனுக்கு மட்டும் 6 தங்க குல்டன் கொடுத்திருக்கிறார். பெட்டிகளுக்குச் சாவடிதோறும் தீர்வை கட்டியிருந்தால் அதற்கு மேலும் ஒரு தொகை போயிருக்கும். எல்ட்மான் தொடங்கி மைன் நெடுக அவர் எழுதும் வரி ஒன்றுதான்: சீட்டைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள். ரைனுக்கு வந்த பிறகு அந்தச் சீட்டுக்கு மதிப்புக் குறைகிறது. காரணம் எளிது, அது வேறு ஆட்சி எல்லை. போப்பார்ட் சாவடியில், விற்பனைச் சரக்கு எதையும் கொண்டுபோகவில்லை என்று தன் முத்திரையிட்டு எழுதிக்கொடுத்த பிறகே வழிவிட்டார்கள்.

பெட்டிகளில் இருந்தது அச்சடித்த தாள்கள். அவைதான் பயணத்தின் நாணயம். ஆன்ட்வெர்ப்பில் செபால்ட் ஃபிஷர் என்பவருக்கு விற்ற கணக்கை டியூரர் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்:

சிறிய பாடுகள் (இயேசு பட்ட துன்பங்களைச் சொல்லும் படங்கள்) தொகுப்பு 16, 4 குல்டன்.
பெரிய தொகுப்புகள் 32, 8 குல்டன்.
செப்புத்தகட்டுப் பாடுகள் தொகுப்பு 6, 3 குல்டன்.
அரைத்தாள் படங்கள், குல்டனுக்கு 20 வீதம், 3 குல்டனுக்கு.
கால்தாள் படங்கள், குல்டனுக்கு 45 வீதம், 5¼ குல்டனுக்கு.
முழுத்தாள் படங்கள், குல்டனுக்கு 8 வீதம், 5¼ குல்டனுக்கு.

கூட்டினால் மொத்தம் 28½ குல்டன். பணம் கைக்கு வந்தது என்று முடிக்கிறார். உள்ளூர்ச் சில்லறை நாணயமான ஸ்டூவரில், ஒரு குல்டனுக்கு 24 என்று வைத்தால், முழுத்தாள் படம் ஒன்று 3 ஸ்டூவர். அரைத்தாள் ஒன்றேகால் ஸ்டூவருக்குச் சற்றுக் குறைவு. கால்தாள் அரை ஸ்டூவருக்குச் சற்று மேல்.

இந்தப் பட்டியலில் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. சிறிய பாடுகள் தொகுப்பில் 37 மரச்செதுக்குப் படங்கள்; தொகுப்பின் விலை கால் குல்டன், அதாவது 6 ஸ்டூவர். செப்புத்தகட்டுத் தொகுப்பில் 16 படங்கள். விலை அரை குல்டன், 12 ஸ்டூவர். இரண்டும் கையடக்கமான படங்கள், அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் படத்துக்குப் படம் பார்த்தால் செப்புத்தகடு நான்கரை மடங்கு விலை.

காரணம் தொழிலில் இருக்கிறது. மரச்செதுக்கில் ஓவியர் கட்டையின்மேல் வரைந்து கொடுப்பார், செதுக்குவது பெரும்பாலும் தனிக் கைவினைஞர். கோடுகள் மேடாக நிற்கும். மையை மேலே தடவி எழுத்தச்சுபோலவே அழுத்தலாம். கட்டையும் நீண்டநாள் தாங்கும். செப்புத்தகட்டிலோ கோடு பள்ளமாக வெட்டப்படுகிறது, வெட்டுவது ஓவியரின் சொந்தக் கை. மையைப் பள்ளத்தில் திணித்து, மேற்பரப்பை ஒவ்வொரு தடவையும் துடைத்து, ஈரமாக்கிய தாளை வைத்து உருளைக்கு அடியில் இழுக்க வேண்டும். துடைப்பு அதிகமானால் மெல்லிய கோடுகளின் மை வெளியே வந்து படம் சோகையாகும். குறைந்தால் சாம்பல் மூட்டம் படியும். தாளில் ஈரம் போதாவிட்டால் அது பள்ளத்துக்குள் இறங்காது, கோடு விட்டுவிட்டு விழும். நூற்றுக்கணக்கான தடவை இழுத்த பிறகு செம்பு தேய்ந்து நிழல்கள் வெளுக்கும். 1512இல் டியூரர் ஊசியால் செம்பில் நேராகக் கீறும் முறையையும் முயன்று, ஒருசில படங்களோடு விட்டுவிட்டார். கீறலின் ஓரத்தில் எழும் செம்புப் பிசிறுதான் அந்த முறைக்கு அழகு. அதுதான் முதலில் நசுங்கிப்போவதும். ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்க அது உதவாது.

தாள் கனமில்லாதது, கட்டாகக் கட்டினால் நசுங்காது, எந்த ஊரிலும் செல்லும். சாப்பாட்டுக்கு நன்றியாக, வைத்தியருக்கு அன்பளிப்பாக, வாங்கிய பொருளுக்கு ஈடாக, எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கிறார். ஓர் அவுன்ஸ் நல்ல அல்ட்ராமரின் நீலத்துக்கு 12 டுகாட் (இன்னொரு தங்க நாணயம்) பெறுமான அச்சுப்படங்களைக் கொடுத்தார். இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் படக்‌ஷான் மலைகளில் வெட்டிய நீலக்கல்லை அரைத்து, பிசின் மெழுகுப் பிசைவிலிருந்து பிழிந்தெடுத்த நிறம் அது. கண்ணாடி ஓவியர் ஒருவர், ஆன்ட்வெர்ப்பின் புதுச் செங்கல்லில் கிடைக்கும் சிவப்பு நிறத்தை அனுப்பி வைத்ததையும் எழுதியிருக்கிறார். நீலத்துக்கு ஒரு சொத்து. சிவப்பு உள்ளூர்ச் செங்கல்லிலிருந்து.

ஆன்ட்வெர்ப்பில் ஒரு நாள்

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆன்ட்வெர்ப் வந்து யோப்ஸ்ட் பிளாங்க்ஃபெல்ட் என்பவரின் விடுதியில் தங்கினார்கள். டியூரர் விடுதிக்காரரோடு உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிட, ஆக்னஸும் சுசன்னாவும் மாடியில் சமைத்துச் சாப்பிடுவது என்று ஏற்பாடு. செலவைக் குறைக்கும் வழி இது என்பது வெளிப்படை. ஆனால் ஊர் வழக்கமும் அதில் கலந்திருக்கிறது. தொழில் பேச்சு நடப்பது ஆண்கள் உட்காரும் பந்தியில்தான். ஆகஸ்ட் 5 அன்று ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கம் வைத்த விருந்துக்கு மூவரும் போனார்கள். வெள்ளிப் பாத்திரங்களில் விருந்து, நகர மன்றத்தின் சார்பில் நான்கு குடம் திராட்சை மது, இரவில் தீப்பந்தம் பிடித்து விடுதிவரை கொண்டுவந்து விட்டார்கள்.

பிறகு நாள்தோறும் ஏட்டில் விழுவது சில்லறை. முடிதிருத்துபவருக்கு, குளிப்பிடத்துக்கு, தூதனுக்கு, சூதாட்டத்தில் தோற்றது, வேலைக்காரர்களுக்கு இனாம். யார் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டோம் என்பதைக் கோடு கோடாகக் கிழித்து எண்ணியிருக்கிறார்: போர்ச்சுகீசியரோடு இத்தனை கோடு, இன்னாரோடு இத்தனை கோடு. நம் ஊர் மொய் நோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பக்கங்கள் உடனே புரியும். யார் என்ன செய்தார், பதிலுக்கு நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற பதிவு அது. ஒரு வீட்டில் கோடுகள் கூடினால், அடுத்த சில நாட்களில் அந்த வீட்டுக்கு ஒரு படமோ உருவ வரைவோ போவதைக் காணலாம்.

வேலை மூன்று தரமாக நடந்தது. கரித்துண்டால் பெரிய தாளில் முகம் வரைவது ஒன்று. ஒரே அமர்வில் முடியும், வழக்கமான விலை 1 குல்டன், அதாவது எட்டு முழுத்தாள் படங்களின் விலை. இரண்டாவது எண்ணெய் வண்ண ஓவியம். டான்சிக் வணிகர் பெர்ன்ஹார்ட் ஃபொன் ரீசனை மார்ச் 1521இல் வரைந்தபோது 8 குல்டன் கிடைத்தது. கூடவே ஆக்னஸுக்கு ஒரு கிரவுன் நாணயம், சுசன்னாவுக்கு 24 ஸ்டூவர் பெறுமான ஒரு குல்டன். (அந்த ஓவியம் இன்று டிரெஸ்டனில் இருக்கிறது. வரையப்பட்டவர் அதே ஆண்டு அக்டோபரில் கொள்ளைநோயில் இறந்தார்.) வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த இனாம் ஒரு கரி ஓவியத்தின் விலைக்குச் சமம். அந்தக் கரி ஓவியங்களில் பலவற்றை டியூரர் இலவசமாகவே கொடுத்தார் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், நட்டத்தின் முதல் ஓட்டை எங்கே என்று தெரிகிறது.

கரித்துண்டின் இயல்பே இதற்குப் பாதி காரணம். கரி தாளின்மேல் தூசியாகத்தான் உட்காரும். கை பட்டால் கலையும், அடுக்கினால் மேல்தாளில் ஒட்டும். பயணத்தில் அதைச் சேர்த்து வைப்பது கடினம். ஆகவே முடித்த கையோடு எதிரில் இருந்தவரிடமே கொடுத்துவிடுவது வசதி. முன்கூட்டியே விலை பேசாமல் வரைந்து, முடித்ததும் கையில் கொடுத்துவிட்டால், பணம் கேட்கும் தருணம் கடந்துபோகும்.

எண்ணெய் ஓவியத்தில் அந்த ஆண்டின் சிறந்த படைப்பு புனித ஜெரோம். போர்ச்சுகீசிய வணிகச்சாவடியைச் சேர்ந்த ரோட்ரிகோ என்பவருக்குக் கொடுத்தது, இன்று லிஸ்பனில் இருக்கிறது. அதற்கு மாதிரியாக உட்கார்ந்தவர் 93 வயதுக் கிழவர். சாம்பல் ஊதாப் பூச்சிட்ட தாளில் தூரிகையால் அவர் தாடியின் ஒவ்வொரு சுருளையும் வெள்ளையால் தொட்டுத்தொட்டு எடுத்து, இந்த வயதிலும் நல்ல திடத்தோடு இருந்தார் என்று மேலே எழுதி வைத்தார் டியூரர். உட்கார்ந்ததற்குக் கூலி 3 ஸ்டூவர். ஒரு முழுத்தாள் படத்தின் விலை.

அதே போர்ச்சுகீசியர் கொடுத்த பதில் அன்பளிப்புகளில் நமக்குத் தெரிந்த பொருட்கள் வருகின்றன. 'இந்தியக் கொட்டை' என்று அவர் எழுதுவது தேங்காய். ஆக்னஸுக்கு ஒரு பச்சைக்கிளி. கள்ளிக்கோட்டைத் துணிகள். 3 குல்டனுக்குக் 'கள்ளிக்கோட்டை' தந்த உப்புச்சிமிழ் இரண்டை டியூரரே வாங்கினார். மலபார் மிளகு ஐரோப்பாவுக்குள் பரவிய வாசல் அப்போது ஆன்ட்வெர்ப். அதனால் கடல்கடந்து வந்த எதற்கும் அங்கே 'கள்ளிக்கோட்டை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது; அந்தச் சிமிழ்கள் பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கச் செதுக்குவேலை. பண்டமாக வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். போர்ச்சுகீசிய முகவர் வீட்டில் இருந்த கத்தரீனா என்ற இருபது வயது ஆப்பிரிக்கப் பெண்ணை டியூரர் வெள்ளிமுனையால் வரைந்தார். தாழ்ந்த இமைகள், தலையை இறுக்கிக் கட்டிய துணி. அந்தத் தாள் இன்று ஃப்ளாரன்ஸில். பெயரையும் வயதையும் படத்திலேயே எழுதி வைத்ததால்தான் அந்தப் பெண் இன்றும் கத்தரீனாவாக நிற்கிறாள்.

வெள்ளி எழுத்தாணி

மூன்றாவது வேலை யாருக்கும் விற்காதது. ஏட்டில் 'என் சிறு புத்தகம்' என்று வருவது, ஏறத்தாழ 13க்கு 19 சென்டிமீட்டர் அளவில் அகலவாக்கில் தைத்த ஒரு வரைபுத்தகம். பின்னாளில் அது பிரிந்து தாள்தாளாகப் பல நகரங்களுக்குச் சிதறிவிட்டது. அதில் டியூரர் வரைந்தது வெள்ளிக் கம்பியால். முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பயணத்துக்கு ஏன் அது பொருந்தியது என்பது முறையில்தான் இருக்கிறது.

வெறும் தாளில் வெள்ளியால் கீறினால் ஒன்றும் தெரியாது. தாளுக்கு மெல்லிய உராய்வு கொண்ட பூச்சு வேண்டும். எலும்பை வெள்ளைச் சாம்பலாகும்வரை சுட்டு, கல்லில் நீர் விட்டு மாவாக அரைத்து, மெல்லிய தோல்பசை நீரிலோ பிசின் நீரிலோ கலக்க வேண்டும். கோழியின் கால், சிறகு எலும்புகள் நல்லவை என்பது பழைய பட்டறை வழக்கம். வேண்டுமானால் துளி சாயம் சேர்க்கலாம். மோர்ப் பதத்துக்கும் நீர்த்த கலவையை அகலத் தூரிகையால் ஒரே திசையில் பூசி, முழுக்கக் காய்ந்தபின் குறுக்குத் திசையில் இன்னொரு பூச்சு. இரண்டு மூன்று போதும். காய்ந்ததும் வழவழப்பான கல்லாலோ கொம்பாலோ மெதுவாகத் தேய்த்து மட்டமாக்கலாம்.

கெடுவது பெரும்பாலும் பசையில். பசை கூடினால் பரப்பு கண்ணாடிபோல் இறுகும், வெள்ளி வழுக்கிக்கொண்டு போகும், கோடு விழாது. குறைந்தால் பூச்சு மாவாக உதிரும். பூச்சு தடித்துப்போனால் புத்தகத்தைப் புரட்டும்போது மடிப்பில் வெடிக்கும். கம்பியின் நுனியை ஊசிபோல் கூராக்கினால் அது பூச்சைக் கிழித்துத் தாளில் இறங்கிவிடும். நுனியைச் சற்று உருட்டையாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வரையும்போது அழுத்தினால் கருமை கூடாது. கரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இது. நிழல் வேண்டுமென்றால் கோட்டின் பக்கத்தில் கோடு, அதன்மேல் குறுக்குக் கோடு என்று நெருக்கிக்கொண்டே போவது ஒன்றுதான் வழி. பிழையை அழிக்க முடியாது. பதின்மூன்று வயதிலேயே டியூரர் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை வெள்ளிமுனையால் வரைந்திருக்கிறார். பொற்கொல்லரின் பிள்ளைக்கு உலோக நுனி சிறுவயதிலேயே கைவந்த பழக்கம். முதலில் கோடு வெளிர்சாம்பலாக இருக்கும். காற்றுப் பட்டு வெள்ளி கறுத்து, மெல்ல இளம்பழுப்புக்குத் திரும்பும்.

இப்போது பயணத்தை நினைத்துப் பாருங்கள். மைக்குடுவை வேண்டாம், கொட்டாது. உலர்த்த வேண்டாம், மூடிய புத்தகத்துக்குள் கலையாது. படகு ஆடினாலும், எதிரில் இருப்பவர் சட்டென எழுந்து போனாலும், வரைந்தவரை நிற்கும். கஷ்டமான பகுதி முழுவதும் வீட்டிலேயே, தாளைத் தயாரிக்கும்போதே, முடிந்துவிட்டது. ஆகன் பேராலயம், ஆகன் நகரமன்றம், கெண்ட் நகரத்துக் கூண்டுச் சிங்கம், பெர்கன் ஆப் ஸோம் பெண்களின் தலையணி, ஒரே தாளில் இருவேறு ஊர்க்காரர்களின் முகங்கள் என்று புத்தகம் நிறைந்தது.

கடிதம் கைக்கு வந்த விதம்

பயணத்தின் நோக்கமான மானியக் காரியம் படிப்படியாக நகர்ந்தது. முதலில், ஆகஸ்ட் இறுதியில் பிரஸ்ஸல்ஸ். புதிய பேரரசரின் அத்தையும் நெதர்லாந்தின் ஆட்சிப் பொறுப்பாளருமான மார்கரெட், பேரரசரிடம் பரிந்து பேசுவதாகச் சொன்னார். அங்கேதான் மெக்சிகோவிலிருந்து பேரரசருக்கு வந்திருந்த பொருட்களை டியூரர் பார்த்தார்: ஒரு பாகம் (இரு கைகளை விரித்த நீளம்) அகலத்தில் முழுப் பொன்னாலான சூரியன், அதே அளவில் வெள்ளி நிலா, ஆயுதங்கள், விந்தை உடைகள். தன் வாழ்நாளில் இதயத்தை இவ்வளவு மகிழ்வித்ததைக் கண்டதில்லை என்றும், தூரதேசத்து மனிதர்களின் நுட்பமான அறிவை எண்ணி வியந்தேன் என்றும் எழுதினார். கணக்கேட்டில் கணக்கு நின்று மனிதர் பேசும் இடங்களில் இது ஒன்று. பொற்கொல்லர் பட்டறையில் வளர்ந்தவரின் கண், உருக்கினால் எவ்வளவு தேறும் என்பதைத் தாண்டி வேலைப்பாட்டைப் பார்த்தது.

அடுத்து அக்டோபர் 23, ஆகனில் முடிசூட்டு. பேரரசின் முடியும் வாளும் அப்போது நியூரம்பெர்க்கின் காவலில் இருந்ததால் அந்த நகரத் தூதர்கள் அங்கே வந்திருந்தார்கள். டியூரர் அவர்களோடு ஒட்டிக்கொண்டார். சாப்பாட்டுச் செலவை அவர்கள் ஏற்றதாகக் குறிக்கிறார். அரசவை கொலோனுக்கு நகர, அவரும் போனார். நவம்பர் 12 அன்று உறுதிக் கடிதம் கைக்கு வந்தது. பெரும் பாடுபட்டு வாங்கினேன் என்கிறார். புறப்பட்டு நான்கு மாதம்.

இந்த இடத்திலேயே ஊர் திரும்பியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். திரும்பவில்லை. ஆன்ட்வெர்ப்புக்குப் போய் இன்னும் எட்டு மாதம் இருந்தார். கெண்ட் தேவாலயப் பீடத்து ஓவியம், புரூஜில் மைக்கேலாஞ்சலோவின் மரியாள் சிலை, ரஃபேலின் பட்டறைக்காரரோடு படப் பரிமாற்றம் எல்லாம் நடந்தது அல்லது நிறைவேறியது இந்தத் தங்கலில்தான். நோய் வந்ததும் இதே காலத்தில்.

டிசம்பர் 3 அன்று கடலோரப் பகுதியான ஸீலாந்துக்குப் புறப்பட்டார். ஸியரிக்ஸேயில் 100 பாகத்துக்கும் மேல் நீளமான திமிங்கிலம் கரை ஒதுங்கியிருக்கிறது என்ற செய்தி இழுத்தது. ஆர்னெமாய்டனில் படகு கரையணைந்தபோது இறங்குவதற்கு நெரிசல். மற்றவர்கள் முதலில் இறங்கட்டும் என்று டியூரர் நின்றார். அந்நேரம் பெரிய கப்பல் ஒன்று மோத, கயிறு அறுந்து, காற்று படகைக் கடலுக்குத் திருப்பியது. மாலுமிகள் கரையில். படகில் மிஞ்சியது படகோட்டி, டியூரர், கேயோர்க் கோட்ஸ்லர் என்ற பயணி, இரண்டு கிழவிகள், ஒரு சிறுவன். படகோட்டி தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு கத்த, மனம் விடாதே, என்ன செய்யலாம் சொல் என்று டியூரர் கேட்டார். சின்னப் பாயை ஏற்ற முடிந்தால் பார்க்கலாம் என்றான். எல்லாரும் சேர்ந்து பாதி ஏற்றினார்கள். கரை நெருங்க, ஆட்கள் வந்து இழுத்துக் காப்பாற்றினார்கள். ஸியரிக்ஸே போய்ச் சேர்ந்தபோது திமிங்கிலத்தை அலை கொண்டுபோய்விட்டிருந்தது.

அடுத்த வசந்தத்தில் கடுங்காய்ச்சல், வாந்தி, தலைவலி. ஸீலாந்தில் இருந்தபோதே யாரிடமும் கேள்விப்படாத ஒரு நோய் பிடித்தது, இன்னும் இருக்கிறது என்று எழுதுகிறார். சதுப்புநிலக் காய்ச்சலான மலேரியா என்று பின்னாளில் பலர் கருதினார்கள். அதன்பிறகு ஏட்டில் வைத்தியருக்கும் மருந்துக்கடைக்கும் போகும் சில்லறை வரிசையாக வருகிறது. முந்தைய நவம்பரிலேயே ஆக்னஸின் பணப்பையையும் தேவாலயத்தில் யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள், சாவிகளோடு.

எங்கே ஓட்டை

ஜூன் 1521இல் மெக்கலனில் மார்கரெட்டை மறுபடி பார்த்தார். அதற்குள் அவருக்குப் போயிருந்தது: டியூரரின் அச்சுப்படங்கள் அனைத்தும் கொண்ட ஒரு முழுத் தொகுப்பு, தோல்தாளில் மிகுந்த கவனத்தோடு வரைந்த இரண்டு படங்கள், அவரே 30 குல்டன் மதிப்பிட்டவை, மார்கரெட்டின் வைத்தியருக்காக ஒரு வீட்டு வரைபடம், 10 குல்டனுக்குக் குறைந்து செய்யமாட்டேன் என்று குறித்தது. மாக்சிமிலியனின் ஓவியம் ஒன்றையும் பரிசளிக்க எடுத்துக் காட்டினார். மகளுக்குத் தந்தையின் படம் பிடிக்கவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஒரு வெள்ளை ஆங்கிலத் துணிக்கு மாற்றிவிட்டார். ஓவியர் யாகோப்போவின் சிறு புத்தகத்தைக் கேட்டபோது, அதைத் தன் அரசவை ஓவியருக்குத் தருவதாக வாக்களித்துவிட்டேன் என்றார் சீமாட்டி.

மதிப்பிட்ட இரண்டு உருப்படிகள் மட்டுமே 40 குல்டன். ரீசனின் ஓவியம்போல் ஐந்து. வரவுப் பக்கத்தில் ஏதுமில்லை. இதில் மார்கரெட்டின் கருமித்தனத்தைப் பார்ப்பது எளிது. ஆனால் பாம்பெர்க்கை நினைவில் வைத்தால் தொழில் ரீதியான காரணம் புலப்படும். ஆயரிடம் கொடுக்கும்போது பதிலுக்கு வேண்டியது சிறியது, குறிப்பானது, அவர் கையெழுத்தாலேயே முடிவது. மார்கரெட்டிடம் மானியக் கடிதம் கிடைக்கும்வரை கொடுத்ததற்கு அதே பொருள் இருந்தது. நவம்பருக்குப் பிறகு கொடுத்ததற்குக் கேட்க எதுவும் இல்லை. மொய்யில் எழுதாமல் வைத்த பணம்போல் ஆயிற்று. ஜூலையில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியனை வண்ணத்தில் வரைந்தபோது 30 குல்டன் உடனே வந்தது. அது மன்னர் ஆளனுப்பிச் சொன்ன வேலை.

ஊர் திரும்பக் கையில் பணமில்லை. ஜூலை தொடக்கத்தில் அலெக்சாண்டர் இம்ஹோஃப் என்பவரிடம் 100 தங்க குல்டன் கடன் வாங்கி, நியூரம்பெர்க்கில் தீர்ப்பதாக முத்திரையிட்டுச் சீட்டு எழுதினார். மானியத்தின் ஓராண்டுத் தொகை. டியூரர் 1528 ஏப்ரல் 6 அன்று இறந்தார்; ஆண்டுக்கு 100 வீதம் அதுவரையிலான தொகையோடு ஒப்பிட்டால் பயணத்தின் நட்டம் சிறியதுதான். ஆன்ட்வெர்ப் மன்றம் ஆண்டுக்கு 300 பிலிப் குல்டனும் வீடும் வரிவிலக்கும் தந்து தங்கச் சொன்னதை, 1524இல் நியூரம்பெர்க் மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். இந்த ஊரில் இருந்த முப்பது ஆண்டில் 500 குல்டன் பெறுமான வேலைகூட ஊராரிடமிருந்து வரவில்லை என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. அவர் சோறு வெளியூரிலிருந்துதான் வந்தது.

கணக்கேடு 1521 ஜூலையில் கொலோனோடு நிற்கிறது. ஆனால் அதற்குத் தெற்கே, ரைனில் எதிரோட்டமாகப் போகும் வழியில், வரைபுத்தகத்தின் தாள் ஒன்று கிடைக்கிறது. ஒருபுறம் கொலோன் தலையணியில் ஓர் இளம்பெண். பக்கத்தில் பயணத் துணியைத் தலையோடு சுற்றிக்கொண்ட ஆக்னஸ், களைத்த முகம். மேலே கையெழுத்து: ரைனில், போப்பார்ட் அருகே, என் மனைவி. ஓராண்டுக்கு முன், சரக்கு எதுவும் இல்லை என்று முத்திரையிட்டு எழுதிக்கொடுத்த அதே சாவடி ஊர்.